நம் மண்ணின் மாந்தர்: வாழ்வும் மறைவும்

போர்க்களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் அவன் ஆற்றிய செயலையும் பொறித்து வழிபட்ட மரபு நம்முடையது. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை வாழ்த்தி வணங்குவது வரை அச்சடங்கை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் மாண்டுபோன, அடுத்த ஊருக்குக்கூட அறிமுகமில்லாத ஒரு மறவனுக்கும் அன்று கல் இருந்தது. புறப்பொருள் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், பாடத்தைவிட்டு என் மனம் வேறெங்கோ போய்விட்டது. நம் மாவட்டத்தில் யார் யாருக்குக் கல் இருக்கிறது? யாருக்கு இல்லை? அந்தக் கேள்விதான் இக்கட்டுரையாக விரிந்திருக்கிறது. பேராசிரியர் பொறுத்தருள்வாராக!

நம் மாவட்டம் கரிசல் பூமி. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் பெயரளவில் ஆறுகள். ஆண்டின் பெரும்பகுதி அவற்றில் மணல்தான் ஓடும். பருத்தி, கம்பு, சோளம் என்று வானம் பார்த்த வேளாண்மை. மழை பொய்த்த இடத்தில் மனிதன் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: ஊரைவிட்டுப் போக வேண்டும், அல்லது புதிதாக ஒரு தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டும். விருதுநகர் வணிகத்தைப் பிடித்துக்கொண்டது. மிளகாய் வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றுக்கு ‘விருதுநகர் விலை’ என்று நாளேடுகளில் தனியே போடும் அளவுக்கு அந்த ஊர்ச் சந்தை வளர்ந்தது. சிவகாசி நெருப்பைப் பிடித்துக்கொண்டது. தீப்பெட்டி, பட்டாசு, அவற்றுக்கு மேலட்டை அச்சிடும் அச்சகம் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தன.

விருதுப்பட்டி என்ற ஊர்ப் பெயர் விருதுநகர் என்று மாறியது 1923ஆம் ஆண்டில். அதே ஆண்டையொட்டித்தான் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு சிவகாசி திரும்பிய இரண்டு இளைஞர்கள் தங்கள் முதல் ஆலையைத் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் விருதுநகரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தப் பள்ளி சத்திரிய வித்தியாசாலை. வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமைப் பணத்தாலும், வீடு வீடாகப் பெற்ற பிடியரிசியாலும் வளர்ந்த பள்ளி அது. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தால் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்தலாம் என்று கண்டுகொண்ட ஊர் விருதுநகர். இப்படிப் பிடியரிசியில் படித்தவர்களில் ஒருவர் 1895இல் பிறந்த சங்கரலிங்கனார். மற்றவர் அவருக்கு எட்டு ஆண்டு இளையவர், 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் பிறந்த காமராசர்.

இருவரும் காங்கிரசுக்காரர்கள். இருவரும் கதர் உடுத்தியவர்கள். இருவரும் சிறை சென்றவர்கள். காமராசரின் வரலாறு நாம் எல்லோரும் பள்ளி நாள் முதல் அறிந்தது. ஆறு வயதில் தந்தையை இழந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. பதினாறு பதினேழு வயதில் தேசத் தொண்டில் இறங்கியவர், 1930இல் வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது முதல் முறையாகச் சிறை புகுந்தார். அதன்பின் பல தடவையாக எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் கழித்திருக்கிறார். 1941இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி ஊர் வந்தார், ஒரு கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார், அன்றே விலகிவிட்டார். முழு நேரமும் பார்க்க இயலாத வேலையை ஏற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். பதவியைத் தேடித் திரிவோரைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு இது கதைபோல் தோன்றும்.

சங்கரலிங்கனாரின் வாழ்க்கை இவ்வளவு வெளிச்சத்தில் நடந்ததன்று. 1917 அளவில் காங்கிரசில் சேர்ந்தார். காந்தியடிகளின் தண்டி யாத்திரையில் அவரும் நடந்தார் என்பர். கதர் விற்றார், சிறை கண்டார். 1952இல் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நடுப்பகலில் உப்புமா கொடுப்பதற்காகத் தம் வீட்டையும் கையில் இருந்த 4000 ரூபாயையும் பெண்கள் பள்ளி ஒன்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு தனி மனிதர், தமக்கென்று இருந்ததை எல்லாம் உப்புமாவாக்கிப் பரிமாறிவிட்டார்! பின்னர் 1956இல் காமராசர் அரசு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அந்த ஊர்க்காரர் இருவர் தனித்தனியே கண்டிருந்தனர். ஒருவர் தம் சொத்தைக்கொண்டு செய்தார்; மற்றவர் அரசைக்கொண்டு செய்தார்.

அதே 1956ஆம் ஆண்டுதான் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது.

மொழிவழி மாநிலங்கள் அமையவிருந்த நேரம் அது. ஆந்திரம் ஏற்கெனவே பிரிந்துவிட்டது. எஞ்சிய நம் மாநிலத்துக்கு என்ன பெயர்? ‘மதராஸ்’ என்ற பெயரே தொடரும் என்றார்கள். நகரத்துக்கும் மதராஸ், நாட்டுக்கும் மதராஸ். 1956 ஜூலை 27ஆம் நாள் சங்கரலிங்கனார் விருதுநகரில் சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கினார். அவர் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயரிட வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. மொழிவழி மாநிலம், அரசு ஊழியர் கதர் உடுத்துதல், நாடு முழுவதும் மதுவிலக்கு, இரயிலில் எல்லோருக்கும் ஒரே வகுப்பு என்பன போன்றவை மற்றவை. இந்தப் பட்டியலை ஊன்றிப் பார்த்தால் ஒன்று புலனாகும். இவற்றில் பல, விடுதலைக்கு முன் காங்கிரசே மேடைதோறும் பேசியவை. புதிதாக எதையும் அவர் கேட்கவில்லை. தம் கட்சி சொன்னதைத் தம் கட்சியிடமே திருப்பிக் கேட்டார்.

உண்ணாதிருந்து உயிர் விடுதல் தமிழர்க்குப் புதிதன்று. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததையும், நேரில் காணாமலே நட்புக்கொண்ட பிசிராந்தையார் தேடி வந்து அவனுடன் உயிர் துறந்ததையும் நாம் படித்திருக்கிறோம். புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனையும் அறிவோம். ஆயினும் வடக்கிருத்தல் வேறு, இது வேறு. வடக்கிருந்தவன் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தன் மானத்துக்குத் தானே சான்றாக இருந்தான். சங்கரலிங்கனார் நாட்டுக்காகக் கேட்டார். கேட்டவருக்கு விடை சொல்லும் கடமை கேட்கப்பட்டவருக்கு உண்டு. அதனால் இந்த நோன்பு தனியொருவர் செயலாக நின்றுவிடாமல், எதிரே இருப்போரையும் சேர்த்துப் பிணைத்துவிடுகிறது.

இவ்வகையில் உலகம் அறிந்த சாவுகள் சில உண்டு. அயர்லாந்தில் கார்க் நகர மேயராக இருந்த டெரன்ஸ் மாக்சுவினி 1920இல் ஆங்கிலேயர் சிறையில் 74 நாள் உண்ணாதிருந்து இறந்தார். லாகூர்ச் சிறையில் பகத்சிங்கின் தோழர் ஜதீந்திரநாத் தாஸ் 1929 செப்டம்பர் 13ஆம் நாள், 63ஆம் நாள் நோன்பில் உயிர் நீத்தார். இவர்கள் எதிரில் இருந்தது அயல் ஆட்சி. பொட்டி ஸ்ரீராமுலுவின் எதிரில் இருந்தது நம்மவர் ஆட்சி. ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் நோன்பிருந்த அவர் 1952 டிசம்பர் 15ஆம் நாள் இறந்தார். உடனே ஆந்திரப் பகுதி முழுதும் கொந்தளித்தது. நான்கே நாளில் பிரதமர் நேரு மாநிலம் அமையும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திரம் பிறந்துவிட்டது.

சங்கரலிங்கனாருக்கு அப்படி நடக்கவில்லை. தேசபந்து மைதானத்தில் கிடந்த அவரைப் பல கட்சித் தலைவர்களும் வந்து பார்த்தார்கள். அண்ணா வந்து நோன்பைக் கைவிடுமாறு வேண்டினார். கைவிடவில்லை. நாள்கள் ஓடின, ஆகஸ்டு போய்ச் செப்டம்பர் வந்தது, செப்டம்பரும் போயிற்று. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் உடல் மிகவும் மோசமாகி மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அக்டோபர் 13ஆம் நாள் அங்கே உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 61. தம் உடலைப் பொதுவுடைமைக் கட்சியினரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே அவர்கள் பெற்று மதுரைத் தத்தனேரியில் இறுதிச் சடங்கு செய்தனர். நாற்பது ஆண்டுக்காலம் காங்கிரசில் இருந்த மனிதர் தம் உடலைக்கூட அக்கட்சிக்குக் கொடுக்கவில்லை என்பதில் எவ்வளவு வேதனை அடங்கியிருக்கிறது! சரியாகப் பத்தொன்பது நாள் கழித்து நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. நம் மாநிலம் மதராஸ் என்ற பெயரோடுதான் அமைந்தது.

அப்போது முதலமைச்சர் காமராசர். நோன்பு நடந்ததோ அவர் பிறந்த ஊரில். பெருந்தலைவர்மீது அளவற்ற மதிப்புடைய என் போன்றோருக்கு இந்த இடத்தைக் கடந்து செல்வது எளிதாக இல்லை. ‘பன்னிரண்டு கோரிக்கைகளில் பல நடுவண் அரசு செய்ய வேண்டியவை, ஒரு மாநில முதலமைச்சர் இரயில் வகுப்பை எப்படி மாற்றுவார்?’ என்று அவர் சார்பில் சொல்லலாம், அது உண்மையும்கூட. பெயர் மாற்றமும் நாடாளுமன்றத்தின் கையில் இருந்ததுதான். ஆனால் எங்களுக்கு இந்தப் பெயர் வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுவது சட்டமன்றத்தின் கையில் இருந்தது. மதராஸ் என்பது உலகறிந்த பெயர், மாற்றினால் ஒப்பந்தங்களை எல்லாம் திருத்த நேரும் என்பன போன்ற காரணங்கள் அன்று சொல்லப்பட்டன. 1957இல் சட்டமன்றத்தில் வந்த தீர்மானம் தோற்றது. 1961இல் அரசின் தமிழ் எழுத்துப் போக்குவரத்தில் மட்டும் ‘தமிழ்நாடு’ என்று குறிக்க அரசு இசைந்தது. ஐந்து ஆண்டுக்குப் பின் பாதி கொடுக்க முடிந்ததை, ஒரு முதியவர் மைதானத்தில் கிடந்தபோதே கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. இதைச் சொல்வதால் காமராசரின் பெருமை குறைந்துவிடாது. குறையும் என்று அஞ்சி மறைப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் அவமதிப்பு.

அதே சமயம் அந்த ஒன்பது ஆண்டு ஆட்சியில் காமராசர் செய்தவற்றையும் இங்கே மறந்துவிட முடியாது. குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். மூடிய பள்ளிகளைத் திறந்தார். புதிய பள்ளிகளைச் சிற்றூர்தோறும் கொண்டுபோனார். நம் கல்லூரியில் இன்று படிக்கும் எத்தனையோ பேரின் தாத்தாவோ பாட்டியோ முதன்முதலாகப் பலகை பிடித்தது அந்தப் பள்ளிகளில்தான். 1963இல் கட்சிப் பணிக்கென்று தாமே முதலமைச்சர் பதவியை விட்டிறங்கினார். அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். 1964இல் லால்பகதூர் சாஸ்திரியும் 1966இல் இந்திரா காந்தியும் பிரதமரானதில் அவர் பங்கு பெரிது. ஆறாம் வகுப்போடு நின்ற விருதுநகர்ச் சிறுவன், இந்தியாவுக்கு இருமுறை பிரதமரைத் தேர்ந்து கொடுக்கும் இடத்தில் இருந்தான்.

பிறகு 1967 வந்தது. சாத்தூரில் இரு தேர்தல்களில் வென்றிருந்த காமராசர் அந்த முறை சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். எதிர்த்து நின்றவர் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். 1285 வாக்குகளில் காமராசர் தோற்றார். சொந்த ஊர் தோற்கடித்தது என்று இன்றும் விருதுநகர்ப் பெரியவர்கள் சிலர் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். ஊரின் குற்றம் என்று நான் அதைக் கருதவில்லை. அரிசிப் பஞ்சமும் மொழிப் போராட்டமும் மாநிலம் முழுவதையும் புரட்டிப் போட்ட தேர்தல் அது.

நான் வியப்பது வேறொன்றை. அந்தத் தேர்தலில் ஆட்சிக்கு வந்த அண்ணா, 1967 ஜூலை 18ஆம் நாள் ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்கான தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார்; அது ஒருமனதாக நிறைவேறியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1969 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் வேளையில் அப்பெயர் நடப்புக்கு வந்தது. அண்ணா அதற்குப் பின் மூன்று வாரமே உயிரோடிருந்தார். பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். விருதுநகரின் ஒரு மகன் கேட்டது கிடைக்க, விருதுநகரின் இன்னொரு மகன் தோற்க வேண்டியிருந்தது. கேட்டவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் ஆகியிருந்தன.

தோற்றபின் காமராசர் எட்டு ஆண்டு வாழ்ந்தார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். கட்சி இரண்டாக உடைந்தது. அவர் வளர்த்துவிட்டவர்கள் எதிரணியில் இருந்தார்கள். 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அவரோடு பழகிய தலைவர்கள் பலர் வடக்கே சிறைப்பட்டனர். அந்தத் துயரத்திலேயே அவர் உடல் தளர்ந்தது என்பார்கள் உடனிருந்தவர்கள். அக்டோபர் 2ஆம் நாள், காந்தி பிறந்த நாளன்று, சென்னைத் தியாகராய நகரில் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில், பகலுணவுக்குப் பின் படுத்தவர் நெஞ்சு வலியால் மறைந்தார். வயது 72. மணம் செய்துகொள்ளாதவர், அந்த வீடும் வாடகை வீடுதான். அன்று மாநிலத்தை ஆண்ட எதிர்க்கட்சியினர் அவருடைய இறுதிச் சடங்கை அரசு மரியாதையுடன் நடத்தினர். கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு அருகிலேயே எரியூட்டினர். அடுத்த ஆண்டு பாரத ரத்னா அளிக்கப்பட்டது.

இருவர் வாழ்வும் இரு வகை. இறுதியில் இருவரும் சொத்தென்று எதையும் விட்டுச்செல்லவில்லை. நினைவில் மட்டும் பெரும் வேறுபாடு உண்டாயிற்று. காமராசருக்கு ஊர்தோறும் சிலை. மதுரைப் பல்கலைக்கழகம் 1978 முதல் அவர் பெயரால் வழங்குகிறது. 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது நம் மாவட்டமே சில ஆண்டுகள் காமராசர் மாவட்டம் எனப்பட்டது. அவர் பிறந்த நாள் கல்வி வளர்ச்சி நாள். சங்கரலிங்கனாருக்கு விருதுநகரில் ஒரு மணிமண்டபம் எழவே அவர் இறந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஜூலை 18ஐத் தமிழ்நாடு நாள் என்று அரசு அறிவித்த 2021க்குப் பிறகுதான் மேடைகளில் அவர் பெயரைச் சற்று மிகுதியாகக் கேட்கிறோம்.

இனிச் சிவகாசிக்கு வருவோம். முன்னே சொன்ன அந்த இரண்டு இளைஞர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். நெருங்கிய உறவினர்கள். கரிசலில் பஞ்சம் வாட்டிய காலத்தில், 1922 அளவில், கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்று வந்தார்கள். முதலில் செருமனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் அவர்களுக்கு அந்த எண்ணம் உதித்தது: இயந்திரம் செய்வதை எல்லாம் கையே செய்தால் என்ன? ஸ்வீடன் நாட்டு நிறுவனத்தின் விம்கோ தீப்பெட்டி இயந்திரத்தில் வந்துகொண்டிருந்த காலத்தில், குச்சி அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது என்று வேலையைத் துண்டு துண்டாக்கி வீடுகளுக்கே கொண்டுபோனார்கள். 1926இல் இருவரும் தொழிலைப் பிரித்துக்கொண்டனர். ஒருவர் பெட்டியில் அணில். மற்றவர் பெட்டியில் காக்கை. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு. 1940இல் வெடிபொருளுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டவிதி வந்தபின் பட்டாசு முறையான ஆலைத் தொழிலாகிவிட்டது. வறண்ட வானிலை வேளாண்மைக்குச் சாபமாக இருந்தது. மருந்து காய்வதற்கு அதுவே வரமாயிற்று.

சிவகாசியில் 1963இல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், பின்னாளில் எழுந்த வேறு கல்வி நிலையங்களும் இந்தத் தொழிலின் ஈட்டத்தில் எழுந்தவை. எனவே தொழில் முன்னோடிகளின் பெயருக்கும் கல் உண்டு; அது கட்டடக் கல்.

என் அப்பத்தா தீப்பெட்டி ஒட்டியவர். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணி எண்ணி, வேறெந்தக் கணக்கும் படியாத அவருக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு மட்டும் தலைகீழ்ப் பாடம். அவர் சொல்லித்தான் எனக்கு ஆலைகளில் நடந்த சாவுகள் தெரியும். ‘அந்த வருசம் இன்னார் வெடியில் போனாள்’ என்பார். ‘வெடியில் போனாள்’ என்பது எங்கள் பக்கம் ஒரு சாவின் பெயர். காய்ச்சலில் போனாள் என்பதுபோல.

இந்த விபத்துகள் ஏன் நேர்கின்றன என்பதை வேதியியல் மாணவர்கள் என்னைவிட நன்கு விளக்குவார்கள். சுருங்கச் சொன்னால், உயிர்வளியைத் தரும் ஓர் உப்பையும் எளிதில் எரியும் தூளையும் கலந்து வைத்திருப்பதே பட்டாசு மருந்து. அதற்குத் தீக்குச்சி தேவையில்லை. உராய்வு போதும்; ஓர் அடி போதும்; ஈரம் பட்ட அலுமினியத் தூள் தானே சூடேறுவதும் உண்டு. அதனால்தான் ஓர் அறையில் இத்தனை பேர், இத்தனை அளவு மருந்து என்று விதி உண்டு. அறைக்கும் அறைக்கும் இடையே இடைவெளி வேண்டும். ஓடித் தப்ப வாசல்கள் வேண்டும். மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். அன்று கலந்த மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. தீபாவளி நெருங்கும்போது இந்த விதிகள் ஒவ்வொன்றாக நெகிழ்கின்றன. நால்வர் அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள். இடம் போதாமல் மரத்தடியிலும் வேலை நடக்கும். விலை உயர்ந்த வெடியைவிட இந்த அவசரம்தான் உயிரைப் பறிக்கிறது.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை நம்மில் பலர் சிறுவயதில் கேட்டிருப்போம். 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். முதலில் தீப்பிடித்ததும், உள்ளே அகப்பட்டவர்களைக் காப்பாற்றவும், என்ன ஆயிற்று என்று பார்க்கவும் சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்து வெடித்ததில் அவர்கள் போனார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பெருவிபத்து. இவை நாளேடுகளின் முதல் பக்கத்துக்கு வந்தவை. ஒருவர் இருவராகப் போன விபத்துகள் உள் பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடும். ‘இருவர் பலி’ என்று எண்ணிக்கை இருக்கும். மறுநாள் நிவாரணத் தொகை இருக்கும்.

பிறர் ஆநிரையை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்ட மரபு என்று தொடக்கத்தில் எழுதினேன். முதலிப்பட்டியில் தீக்குள் ஓடியவர்கள் போனதும் அதுபோன்ற ஒரு மீட்புக்குத்தான் அல்லவா? சங்கரலிங்கனாரின் பெயர் மேடைக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. அவருக்காவது எடுத்துச் சொல்லக் கட்சியும் ஏடும் இருந்தன. இவர்களுக்கு அவர்கள் ஊரார்தான் உண்டு. அந்த ஊராரும் முதுமையடைந்து வருகிறார்கள்.

கடந்த கோடை விடுமுறையில் நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதத் தொடங்கினேன். பெயர், ஊர், வயது, எந்த ஆண்டு, என்ன வேலை என்று ஐந்து கட்டம். எளிய வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அப்பத்தாவிடம் முதலில் கேட்டேன். ‘கிணத்தடி வீட்டுக்காரி மருமகள்’ என்றார். பெயர் என்ன என்றேன். நெடுநேரம் யோசித்தார், வரவில்லை. ‘நல்ல சிவப்பு. கையில் ஒரு பச்சை குத்தியிருப்பாள்’ என்றார். அந்தக் கட்டத்தில் இப்போதைக்கு அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். கிணற்றடி வீடு இன்று இல்லை; அவர்கள் திருப்பூர் பக்கம் போய்விட்டார்களாம்.

நம் கல்லூரிக்குச் சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் நண்பர்கள் பலர் உண்டு. உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் இப்படிப் போனவர்கள் இருந்தால் பெயரைக் கேட்டு வந்து சொல்லுங்கள். மதிய இடைவேளையில் நூலகத்தின் நாளேட்டு மேசையில் இருப்பேன். நோட்டும் என்னிடம் இருக்கும்.